தரைக்குள் போன நான்கு பேர்

2024 ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது. மழை இல்லை. மேற்கிலிருந்து காற்று வந்தும் வியர்வை அடங்கவில்லை. தாமலைத் தாண்டி நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையை ஒட்டிய மண் பாதையில் ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி நடந்து எங்கள் நிலத்தின் மூலைக்கு வந்தேன். அங்கே பட்டாளத்துக் கல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அதன் இடத்தில் ஒரு குளியலறை நின்றது.

கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். தந்த நிற டைல்ஸ். நான்கு டைல்ஸுக்கு ஒன்று வீதம் ரோஜாப்பூ போட்டது. சந்துகளில் வெள்ளை சிமெண்ட். இந்த டைல்ஸை நான் எங்கள் செவிலிமேட்டு வீட்டில், குழாயடிச் சுவரில் தினமும் பார்க்கிறேன். தரையெல்லாம் பளபளவென்று கிரானைட். சுற்றிலும் எவர்சில்வர் கம்பி. உச்சியில் மூவர்ணத்தில் எனாமல் பெயிண்ட். ஓரத்தில் ஒரு எல்.ஈ.டி. கம்பம், அதில் விளக்கைவிடப் பெரிய பெயர்ப்பலகை.

அது என்ன கல் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனிக் காலத்தில் அந்த வயல்வெளியில் ஒரு சண்டை நடந்தது. ஒரு காலாட்படைப் பட்டாளத்து ஆட்கள் அங்கே கூட்டமாகச் செத்தார்கள். பிற்பாடு அந்தப் பட்டாளத்தைச் சேர்ந்தவர்களே செலவு செய்து, ஆட்கள் விழுந்த இடத்தில் பதினான்கு அடி உயரத்துக்கு ஒரு கல்தூண் நட்டார்கள். சாலையைப் பார்த்த கிழக்கு முகத்தில் இங்கிலீஷ் எழுத்து: ஐந்து துரைமார்களின் பெயர்கள். ஏரியைப் பார்த்த மேற்கு முகத்தில் தமிழ் எழுத்து: முப்பத்தொரு சிப்பாய்களின் பெயர்கள், வரிக்கு ஒன்றாக. பெருமாள் பெயர் ஏழு, சிவன் பெயர் ஒன்பது, முஸ்லிம் பெயர் பன்னிரண்டு, தெலுங்குப் பெயர் மூன்று. எட்டாம் வகுப்பு படிக்கும்போது முதல்முறை எண்ணினேன். இப்போது எனக்கு எழுபத்தேழு. இடையில் எத்தனை முறை எண்ணினேன் என்பதற்கு மட்டும் கணக்கில்லை.

கல் நிற்கும் மூலை எங்கள் குடும்பத்துக்குச் சொந்தம். நாங்கள் சமணர்கள், ஊரில் நயினார் வீடு என்பார்கள். உயிர்ப்பலி எங்களுக்கு ஆகாது என்பதால் அந்தக் கல்லுக்குக் கோழி அறுக்கும் வழக்கம் மட்டும் கிடையாது. மஞ்சள், கற்பூரம், பொங்கல் எல்லாம் உண்டு. சண்டையில் கொன்றவர்களுக்கும் செத்தவர்களுக்கும் நட்ட கல்லை எங்கள் வீட்டார் இத்தனை தலைமுறை ஒரு கீறல் படாமல் வைத்திருந்தோம். அதை டைல்ஸ் போட்டு மூட இருபது நாள் போதுமாக இருந்திருக்கிறது. அந்த இருபது நாளும் நான் கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ரோஜாப்பூ. அவ்வளவுதான். முன்பக்கம் ஐந்து துரைமார்களும் இருந்தார்கள். அவர்களைச் சுற்றிப் பித்தளைச் சட்டம் அடித்து, எழுத்துக்குத் தங்க வண்ணம் பூசியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கருப்பு கிரானைட் பலகை, ‘உபயதாரர்கள்’ என்ற தலைப்பில் நாற்பத்திரண்டு பெயர். செத்தவர்கள் முப்பத்தாறு பேர், டைல்ஸ் ஒட்டியவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

காஞ்சிபுரத்தில் வாழ்கிறவன் இதற்கு ஆச்சரியப்படக் கூடாதுதான். எங்கள் ஊரில் ஒன்றின் மேல் பக்தி அதிகமானால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவார்கள். ஆயிரம் வருடத்துக் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு, அதன் மேல் பெயிண்ட், அதன் மேல் டியூப் லைட், டியூப் லைட்டின் மேல் வெளிச்சமே வராத அளவுக்கு ‘உபயம்’ என்று கொடுத்தவர் பெயர். பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதுவதற்குத் திருப்பணி என்று பெயர். ஆனால் இது கோயில்கூட இல்லையே. இது முப்பத்தொரு பேரின் பெயர் மட்டும்தான். அதைத் தவிர அவர்களுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

திருப்பணிக் குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். அவர் நெடுஞ்சாலையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர். அப்போதே கூட்டல்தான் வரும், கழித்தல் வராது. பன்னிரண்டு நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், வாயெல்லாம் சிரிப்பு.

“வாங்க சார், வாங்க! பாத்தீங்களா? எப்டி இருக்குது? லைட்டு போட்டா ஹைவேல போற வண்டியெல்லாம் நின்னு செல்ஃபி எடுக்கறாங்க சார்.”

“கல்லு எங்கப்பா?”

“உள்ளதான் சார் இருக்குது. சேஃபா இருக்குது.”

“பேரெல்லாம்?”

“அதான் முன்னாடி இருக்குதே. பித்தளை ஃபிரேம், ஒரிஜினல் பித்தளை.”

“அது அஞ்சு பேர். பின்னாடி முப்பத்தொரு பேர் இருந்தாங்களே?”

“பின்பக்கம்தானே சார் அது. ரோட்லேர்ந்து தெரியாது.”

“வெள்ளைக்காரன் கூட அந்த முப்பத்தொரு பேரையும் ஒருத்தர் விடாம வெட்டி வச்சான்யா. நம்ம ஆளுங்க பேரை நாமளே மூடுவோமா?”

அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். லாமினேட் செய்த காகிதம். “நீங்கதானே சார் எழுதனீங்க?”

என் கையெழுத்து. மூன்று வருடத்தில் நான் எழுதிய ஐந்து மனுக்களில் கடைசி. பட்டாளத்துக் கல்லின் குறைகள் ஏழு என்று எண் போட்டு எழுதியிருந்தேன். அவர் நான்காவதில் விரலை வைத்துப் படித்தார்: “‘மேற்கு முகத்து எழுத்துகள் மழையில் அரிக்கப்படுகின்றன. மழைநீர் படாதவாறு உடனடியாகப் பாதுகாக்கப்பட வேண்டும்.’ பண்ணிட்டோம். ஆறாவது: ‘தரைமட்டம் தாழ்ந்திருப்பதால் கல்லின் அடியில் நீர் தேங்குகிறது.’ பதினொரு இன்ச் ஏத்திட்டோம். ஏழும் கிளியர் சார். ஒண்ணு கூட பாக்கி இல்ல.”

ஏழு குறைகளை எண்ணியவன், ‘பெயர்களை மூடிவிடாதீர்கள்’ என்று எட்டாவதாக எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கய்யா தோன்றும்? வீட்டுக்கு ஒட்டடை அடி என்றால், ‘வீட்டில் இருப்பவர்களை அடித்துவிடாதே’ என்றும் சேர்த்தா சொல்கிறோம்?

“பலகையைப் பாக்கலியா சார்? ஃபர்ஸ்ட் லைனே நீங்கதான்.”

பார்த்தேன். முன்பு எண்ணினேனே தவிரப் படிக்கவில்லை. ‘பெருமுயற்சி’ என்று போட்டு, பட்டப்படிப்போடு என் பெயர். நாற்பத்திரண்டில் முதலாவது.

“எடுத்துடு,” என்றேன்.

“சார், சேக்கறது ஃப்ரீ. எடுக்கறதுன்னா கிரானைட்ட பாலிஷ் போட்டு மறுபடி வெட்டணும், ஆயிரத்து ஐநூறு ஆவும்.”

“நான் தரேன், எடு.”

இப்படி நாங்கள் நின்றிருந்தபோதுதான் அந்த அம்மாள் வந்தார். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் வீட்டுப் பெண்மணி, வயது நாற்பத்தைந்து இருக்கும். கையில் தட்டு, தட்டில் மஞ்சள், வெற்றிலை, ஒரு எலுமிச்சம்பழம். அவர் வீட்டுக்காரரின் முன்னோர் ஒருவர் அந்த முப்பத்தொன்றில் இருக்கிறார். அந்த வீட்டிலிருந்து யார் வெளியூருக்கு நாள் கணக்கில் போனாலும் இங்கே வந்து பெயர் சொல்லிக்கொள்ள வேண்டும். கல்லில் உள்ள பெயருக்கு மஞ்சள் வைத்து, அதைத் தொட்டு, அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, பிறகு தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்படிச் செய்தால் போனவரை அவர் பார்த்துக்கொள்வார், திருப்பி அனுப்புவார் என்று ஒரு நம்பிக்கை. இவர் மகன் பட்டாளத்துக்குத் தேர்வாகியிருக்கிறான், அதுவும் காலாட்படைக்கு. புதன்கிழமை பிற்பகல் சென்னையில் ரயில். பையனைக் கூட்டிவருமுன் இடத்தைக் கழுவி வைக்கலாம் என்று வந்திருக்கிறார்.

பின்பக்கம் போனவர் தட்டோடு அப்படியே திரும்பி வந்தார்.

“இன்னா நயினாரே, பேரக் காணோம்?”

டைல்ஸ் கடைக்காரர் முந்திக்கொண்டார். “உள்ள இருக்குதும்மா. நீ டைல்ஸ் மேலயே மஞ்சள் வையி. சாமிக்குத் தெரியாதா?”

“சாமிக்குத் தெரியும். எங்காளு சாமி இல்லியே. கூலிக்குப் பட்டாளத்துல சேந்தவரு. பேரத் தொடாம புள்ளைய எப்டிப்பா அனுப்புவேன்? உன் புள்ளையா இருந்தா ரோஜாப்பூவத் தொட்டுட்டுப் போன்னு அனுப்புவியா?”

என் கடிதம் இன்னும் டைல்ஸ் கடைக்காரர் கையில்தான் இருந்தது.

புதன்கிழமைக்குள் பெயர் வெளியே வந்தாக வேண்டும். இடையில் இரண்டு நாள்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, டைல்ஸ் ஒட்டிய அதே கொத்தனாரை வரவழைத்தேன். உயரமான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவரிடம் நான் கேட்கப் பயந்த கேள்வி ஒன்று இருந்தது. கல்லின் மேல் சிமெண்ட் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் உளியால் கொத்தி முகத்தைக் கரடாக்குவார்கள். வழவழப்பான கல்லில் எதுவும் ஒட்டாது. “கொத்தினீங்களா?” என்றேன்.

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கொத்தச் சொன்னாங்க சார். ஆனா எழுத்து மேல கொத்தல. மனசு வரல. வரிக்கு நடுவால சந்துல மட்டும் கொத்தினேன். அதனால டைல்ஸ் அவ்ளோ கெட்டியா புடிக்கல. மூணு வருசத்துல அதுவா உழும்னு நினைச்சேன்.”

நாற்பத்திரண்டு உபயதாரர்களுக்கு நடுவில், பெயர் இல்லாத ஒருவருக்குத்தான் அந்தக் கல்லில் இருப்பது எழுத்து என்று தோன்றியிருக்கிறது. தினக்கூலி ஆயிரத்து முந்நூறு ரூபாய் வாங்கும் ஒருவருக்கு.

மேலேயிருந்து கழற்றினோம். ஒவ்வொரு டைல்ஸும் பெயரும்போது கல்லின் தோலும் சேர்ந்து வந்துவிடுமோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது வரியில் ஒரு மூலை பெயர்ந்தது, பதினேழாவதில் கொஞ்சம். மற்றதெல்லாம் சிமெண்ட் பால் படிந்து மங்கலாக, ஆனால் முழுசாக இருந்தன. தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்தோம். மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவருடைய மாமியார் சொல்லிக்கொடுத்தபடி, தரையில் உட்கார்ந்து கீழேயிருந்து எண்ணுவார்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது வரியில் மஞ்சளைக் குழைத்துத் தடவினார்.

நான் படித்துப் பார்த்தேன். அது ஒரு முஸ்லிம் சிப்பாயின் பெயர்.

மேலேயிருந்து எண்ணினேன். இருபத்தேழு வரி. மறுபடி எண்ணினேன். இருபத்தேழுதான். பதினொரு அங்குலம் ஏற்றிய தரைக்குள் கடைசி நான்கு வரிகள் போய்விட்டன. அந்த அம்மாளின் ஆள் இருபத்தொன்பதாவது வரி. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு விநாடி தோன்றியது. அவருக்குப் படிக்கத் தெரியாது, பையனுக்குத் தெரியுமே. தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே.

“அம்மா, இது உங்க ஆளு இல்ல. இவர் இருபத்தஞ்சாவது. வேற ஒருத்தர், முஸ்லிம்.”

அவர் கையை எடுக்கவில்லை. “இருக்கட்டும் நயினாரே. அவரும்தானே செத்தாரு. அவருக்கு யாரு வெச்சாங்க இத்தன நாளா? இருக்கட்டும்.” பிறகு, “எங்காளு எங்க?”

“தரைக்குள்ள.”

அவர் அந்தப் பளபளப்பான கிரானைட்டைக் கையால் தடவிப் பார்த்தார். “செத்தப்ப குழி வெட்டினாங்களோ இல்லியோ தெரியாது. இப்பப் பொதைச்சிட்டாங்க.”

டைல்ஸ் கடைக்காரருக்குப் போன் செய்தேன். தரையை உடைக்க வேண்டும் என்றேன். அதுவரை நான் திட்டியதற்கெல்லாம் சிரித்தவர், இதற்குப் பதறிவிட்டார்.

“ஐயையோ சார், டைல்ஸ் என் உபயம், அது பரவால்ல, நீங்க ஒடைங்க, காசு கூட வேணாம். தரை வேற ஒருத்தர் உபயம். அவரு கல்யாண மண்டபம் வெச்சிக்கினு இருக்கறவரு. கம்பி வேற ஆளு, லைட்டு வேற ஆளு. ஒருத்தர் உபயத்துல இன்னொருத்தர் கை வெச்சா பெரிய சண்டையாயிடும்.”

“செத்தவன் பேர் மேல கை வச்சா சண்டை இல்லியா?”

“அவங்க யாரும் கேக்க வரல இல்ல சார்.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நடைமுறையாகச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. இந்த ஊரில் உபயம் என்பது சொத்து. கொடுத்தவனுக்கு அது பத்திரம் இல்லாத பாத்தியதை. தரைக்கு ஒருவன், சுவருக்கு ஒருவன், வெளிச்சத்துக்கு ஒருவன் என்று சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். யாருக்காகக் கல் நட்டார்களோ அவர்களுக்கு மட்டும் அங்கே ஒரு சாண் பாத்தியதை இல்லை. நிலம் எங்களுடையது என்று சொன்னேன். “நிலம் உங்களுதுதான் சார், தரைதான் அவருது,” என்றார். ஐம்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தும், வீட்டில் டியூஷன் எடுத்ததையும் சேர்த்துத்தான், இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

டைல்ஸ் கடைக்காரர் மண்டபக்காரரிடம் மூன்று முறை பேசிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அனுமதி வாங்கிவந்தார். நிபந்தனை ஒன்று: உடைத்த இடத்தில் மண்டபக்காரர் பெயரைத் தனிக் கல்லில், முதலில் இருந்ததைவிடப் பெரிதாக வெட்டி வைக்க வேண்டும். செலவு என்னுடையது. நான் கத்தினேன். கத்திவிட்டு ஒப்புக்கொண்டேன். மறுநாள் மதியத்துக்குள் அந்தப் பையன் போய்விடுவான். கொள்கைக்கு நேரமில்லை.

வாடகைக்கு ஒரு பிரேக்கர் மெஷின் கொண்டுவந்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் மெஷின் வைத்தால் அதிர்வில் எழுத்து உதிரும் என்று கொத்தனார் சொல்லி, ஓர் அடி தள்ளி மெஷினால் உடைத்து, மீதியை உளியால் ஒவ்வொரு சில்லாக எடுத்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் தலைக்கு மேல் நின்றேன். இருபத்தெட்டாவது வரி வரும்போது மணி ஐந்தே கால். இருபத்தொன்பது ஆறு மணிக்கு வந்தது. முப்பதும் முப்பத்தொன்றும் வருவதற்குள் சூரியன் ஏரிக்குள் போய்விட்டது. பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. அன்று வெறும் வயிற்றோடுதான் பஸ் ஏறினேன். வீட்டில் என் மனைவி, “செத்தவங்க பட்டினி கிடந்து எண்ணச் சொன்னாங்களா?” என்று கேட்டாள். சர்க்கரை மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று இருவரும் முக்கால் மணி நேரம் வாதாடினோம்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு நான் அங்கே இருந்தேன். கல்லைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குப் பள்ளம், பள்ளத்துக்குள் பழைய மண். அம்மாளும் மகனும் வந்தார்கள். பையன் முடியை ஒட்ட வெட்டியிருந்தான், தோளில் புதுப் பை. பள்ளத்தில் இறங்கிக் குந்தி உட்கார்ந்தான். அம்மாள் கீழேயிருந்து எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று. என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். மஞ்சள் வைத்தார்.

“தொட்டுச் சொல்லுடா.”

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டு, பெயரை வாய்க்குள் சொன்னான்.

“கல்லுக்குக் கேக்கலடா. ரயில்ல டீ விக்கறவன் எவ்ளோ சத்தமா சொல்றான்?”

இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னான். பிறகு தன் பெயரைச் சொன்னான். எழுந்தபோது கால்சட்டை முட்டியில் ஈரமண் ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனவனை அம்மாள் தடுத்துவிட்டார். ஏழே காலுக்கு நெடுஞ்சாலையில் அவனுக்கு பஸ்.

மறுநாள் சுதந்திர தினம். கொடியேற்றத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டார்கள், பொன்னாடை போர்த்த வந்தார்கள், வேண்டாம் என்றேன். ஒலிபெருக்கியில் உபயதாரர்களின் பெயர்களை வாசிக்க இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று, கைக்கடிகாரத்தில் பார்த்தேன். என் பெயரைப் பலகையிலிருந்து எடுத்தாயிற்று, நாற்பத்தொன்றுதான் வாசிக்க வேண்டும். பழைய தாளையே வைத்திருந்ததால் என்னையும் சேர்த்து வாசித்தார்கள். பித்தளைச் சட்டத்துக்குள் இருக்கும் ஐந்து துரைமார்களுக்கு மாலை போட்டார்கள். பின்பக்கம் யாரும் போகவில்லை. நான் எழுந்து போய், முப்பத்தொரு வரியையும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படித்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. முன்பக்கம் ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மண்டபக்காரரின் புதுக் கல் அடுத்த வாரம் வந்தது. பள்ளத்தின் ஓரத்தில், அந்த முப்பத்தொன்றில் எந்தப் பெயரையும்விட நாலு மடங்கு பெரிய எழுத்தில் நிற்கிறது.

கொத்தனார் கூலி, மெஷின் வாடகை, பள்ளத்துக்கு விளிம்பு கட்டிய சிமெண்ட், மண்டபக்காரரின் கல், என் பெயரைப் பலகையிலிருந்து எடுத்த செலவு, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து, செத்தவர்களின் பெயரைச் செத்தவர்களிடமே திருப்பிக் கொடுக்க எனக்கு ஆனது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.